சுருட்டுப்பச்சைச் சாறு

பார்கவிக்கு வேதியியல் சுத்தமாக ஆகாது. ப்ளஸ் டூ முடித்ததும் அதற்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு பி.காம் சேர்ந்தவள். ஆனாலும் கல்லூரி விட்டால் ஸ்கூட்டரை நேராக அம்மாவின் ஆய்வுக்கூடத்துக்குத்தான் விடுவாள். வீட்டில் வெறும் ஃபேன், இங்கே ஏசி, அதனால்தான் வருகிறேன் என்பாள்.

அம்மா சொர்ணலதா வேலை பார்த்தது நாகர்கோவிலில் இருந்த ஓர் உறுப்புக் காப்பகத்தில். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை வாங்கி, தேவைப்படுகிறவருக்குப் போய்ச் சேரும்வரை கெடாமல் வைத்திருப்பது அதன் வேலை. சிறுநீரகம் ஒரு நாள் தாங்கும். கல்லீரல் அரை நாள். இதயம்தான் பொல்லாதது. நாலு மணி நேரத்துக்குள் இன்னொரு நெஞ்சுக்குள் போயாக வேண்டும். போக்குவரத்தை நிறுத்தி, ஊரே ஒதுங்கி வழிவிட்டும்கூட எத்தனையோ இதயங்கள் பாதி வழியில் வீணாகியிருக்கின்றன.

அந்த நாலு மணி நேரத்தை நீட்டத்தான் சொர்ணா பல வருடங்களாக ஒரு செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டுப்பச்சை என்று பெயர். மலைப்பாறை இடுக்குகளில் முளைப்பது. கோடையில் சருகாகச் சுருண்டு கிடக்கும். தொட்டால் பொடிந்துவிடும். ஒரு மழை பெய்தால் மறுநாள் பச்சைப்பசேலென்று விரிந்து நிற்கும்.

"செத்துப்போய் திரும்பி வருதாம்மா?" என்று பார்கவி கேட்டாள்.

"சாகலை மக்களே. சாகாம பாத்துக்கிடுது. நம்மளை உயிரோட வச்சிருக்கிற ஆக்சிஜன்தான் நம்மளை உள்ள இருந்து அரிக்கவும் செய்யும், இரும்புல துரு ஏறுற மாதிரி. உடம்புக்குள்ள இருக்கிற வரைக்கும் இதயத்துக்குக் காவல் இருக்கு. வெளிய எடுத்துட்டா இல்லை. இந்தச் செடி காஞ்சு கிடக்கும்போது தன் மேல துரு ஏறாம இருக்க என்னமோ ஒண்ணை உள்ள வச்சிருக்கு. அதை நான் எடுக்கணும்."

"அதுக்கென்ன, மிக்சியில போட்டு அடி."

"அடிச்சா மட்டும் வந்துருமா? எதுல ஊற வைக்கிறோம்னு இருக்குல்லா. தண்ணியில போட்டேன், மண்ணும் பிசினுமா கலங்கலா வந்துது. ஹெக்ஸேன்ல போட்டா மெழுகும் இலைப்பச்சையும் மட்டும் வருது. மெத்தனால் எல்லாத்தையும் அழகா எடுத்துக் குடுத்துது. ஆனா அது ஒரு சொட்டு மிச்சம் நின்னாலும் இதயத்துக்கு விஷம்."

பார்கவி கொஞ்சம் யோசித்தாள். "கல்யாண வீட்டுக்கு ஆள் கூப்பிடப் போன கதைதான். ஒவ்வொருத்தனும் தனக்குப் பிடிச்ச ஆளைத்தான் கூட்டிட்டு வருவான். உனக்கு வேண்டிய ஆளை எவனுக்குப் பிடிக்கும்னு கண்டுபிடி, முடிஞ்சுது."

சொர்ணா சிரித்துவிட்டாள். ஆனால் விஷயம் அவ்வளவுதான். கடைசியில் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்த ஒரு கலவைக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது. அதில் ஊறவைத்து, வடிகட்டி, எத்தில் அசிட்டேட்டில் பிரித்து, குறைந்த சூட்டில் அதை ஆவியாக்கிவிட்டால் தேன் நிறத்தில் ஒரு சாறு நின்றது. வடசேரிச் சந்தையிலிருந்து வந்த ஆட்டு இதயம் அந்தச் சாறு கலந்த இரத்தத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், நாள்கணக்கில் துடித்தது.

பார்கவி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "பாவம்மா," என்றாள். "ஆடு செத்துப்போன விஷயம் அதுக்குத் தெரியாது."

*

அடுத்த வருடம் மனித இதயங்களுக்கு அந்தச் சாறு அனுமதிக்கப்பட்டது. இதயம் இப்போது இரண்டு மாதம்கூடக் காத்திருந்தது. சாறு ஒரே நாளில் வீரியம் இழந்துவிடும் என்பதால் தினமும் காலையில் புதிதாக எடுத்து ஊற்ற வேண்டும். அந்த ஒன்றைத் தவிர வேறு குறையில்லை. இரத்த வகை பொருந்தி, அளவு பொருந்தி, நோயாளியின் உடம்பு தேறி, எல்லாம் கூடிவந்த பிறகு நிதானமாக அறுவைசிகிச்சை செய்தார்கள். பிழைத்தவர்கள் பல மடங்கு கூடினார்கள். சொர்ணாவுக்குச் சால்வை போட்டார்கள், பத்திரிகையில் படம் வந்தது.

யாரும் எதிர்பார்க்காதது ஒன்றும் நடந்தது. முன்பெல்லாம் இதயத்தைக் கொடுத்த குடும்பம் அன்றைக்கே அழுது முடித்து உடலோடு வீட்டுக்குப் போய்விடும். இப்போது அவர்கள் திரும்பி வந்தார்கள். பார்க்க வேண்டும் என்றார்கள். காப்பகம் முதலில் மறுத்தது. பிறகு தாழ்வாரத்தில் ஒரு பெரிய கண்ணாடியும் அதற்கு முன்னால் பெஞ்சுகளும் போட்டது. மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பெண் தினமும் வந்து கணவனின் இதயத்துக்குச் செய்தித்தாள் வாசித்தாள். விளையாட்டுச் செய்திதான் அவருக்குப் பிடிக்குமாம். ரேஷன் கார்டில் பெயரை இப்போது நீக்கலாமா, பிறகா என்று ஒருவர் கேட்டார். மனம் மாறினால் அறுவைசிகிச்சைக்கு முந்தைய நாள்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று சட்டமும் வந்தது. அவகாசம் இருக்கிறதே, யோசிக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான்.

ஆடி மாதத்துச் சாரல் நாளொன்றில், பார்வதிபுரம் பாலத்தின் இறக்கத்தில், ஒரு லாரி பார்கவியின் ஸ்கூட்டரை இடித்தது.

மூளைச்சாவு என்று டாக்டர் ஜெபசிங் சொன்னார். காப்பகத்தின் தலைமை மருத்துவர் அவர். சொர்ணாவோடு முதல் நாளிலிருந்து கூட நின்றவர். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், ஆனால் வாய் வரவில்லை. சொர்ணாவே சொன்னாள்.

"எடுத்துக்குங்க டாக்டர். அவ சொல்லியிருக்கா."

பக்கத்தில் அவள் கணவர் தாணுமூர்த்தி நின்றார். முட்டம் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மகளின் கால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை மூடிவிட்டார்.

சிறுநீரகங்களும் கல்லீரலும் கண்களும் அன்றே போய்விட்டன. இதயம் மட்டும் தங்கியது. பார்கவியின் இரத்த வகை அரிது. பொருந்துகிற ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை மூன்றாம் பெட்டியில் வைத்தார்கள்.

மறுநாள் காலையிலேயே, காரியங்கள் முடியுமுன்பே, சொர்ணா வேலைக்கு வந்தாள்.

"விதிப்படி நீங்க இதைத் தொடவே கூடாதும்மா," என்றார் ஜெபசிங். "ஆனா புதுசா வந்த ரெண்டு பேரும் எடுக்கிற சாறு இன்னும் சோதனையில தேறலை. எனக்கு வேற வழி தெரியலை."

"வேற யாரும் எடுக்க வேண்டாம் டாக்டர்," என்றாள் சொர்ணா. இலையை எடைபோட்டாள். பொடித்தாள். ஊறவைத்தாள். வடிதாள் வழியாகத் தேன் நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

*

அதுவரை மனைவி வேலை செய்யும் கட்டடத்துக்குள் காலே வைக்காத தாணு, இப்போது தினமும் வந்தார். விடிகாலையில் மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாம் பெட்டியைப் பார்ப்பார். உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

"என்ன பேசுவீங்க?" என்று சொர்ணா ஒருநாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்லை. கடல் எப்படி இருக்கு, இன்னைக்கு என்ன மீன் பட்டுது, அதுதான். அவ கேப்பால்லா."

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தாணுவின் அண்ணன் நாள் குறித்துக்கொண்டு வந்தார். தாணு முடியாது என்றுவிட்டார்.

"துடிச்சிக்கிட்டு இருக்கு அண்ணே. எப்படி எள்ளும் தண்ணியும் விடுவேன்?"

"உடம்பை எரிச்சாச்சேடா."

"உடம்பைத்தான் எரிச்சோம்."

அண்ணன் சொர்ணாவைப் பார்த்தார். படித்தவள், இவள் சொல்லட்டும் என்று. அவள் அன்று காலையில்தான் அந்தத் துடிப்பைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஒரு மாதம் ஆன பிறகு ஜெபசிங் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பொருத்தமான ஆள் கிடைத்துவிட்டது. ஒரு பெண். காய்ச்சல் இருந்ததால் தள்ளிப்போட்டிருந்தார்கள், இப்போது இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை அறுவைசிகிச்சை.

"யாருன்னு சொல்லக் கூடாது. சின்ன வயசு. மெஷின்லதான் ஓடுது. ரொம்ப நாள் தாங்காது."

சொர்ணா அதை அன்று சாயங்காலமே தாணுவிடம் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. மறுநாள் அவளிடம் சொல்லாமல் ஜெபசிங்கைப் போய்ப் பார்த்தார்.

"எனக்கு இஷ்டமில்லை டாக்டர். சம்மதத்தை நான் திரும்ப வாங்கிக்கிடுதேன்."

தாய், தகப்பன் இரண்டு பேரும் சம்மதித்தால்தான் செல்லும். ஒருவர் விலகினால் போதும், எல்லாம் நின்றுவிடும்.

சொர்ணா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் நின்றாள்.

"ஒரு பொண்ணு அங்க செத்துக்கிட்டு இருக்கா. தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கு அவளைத் தெரியாது. இவளைத்தான் தெரியும்."

"இவ இல்லைங்க. இவ போயிட்டா."

"நீயே சாறு எடுத்து ஊத்துற. நீயே போயிட்டாங்கிற. நான் எதை நம்பட்டும்?" அவர் குரல் உடைந்தது. "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் யோசிச்சேனா சொர்ணா? யோசிக்க நேரம் குடுத்தீங்களா? நீ சரின்னே, நான் கையெழுத்துப் போட்டேன். இப்பம் நேரம் இருக்கு. யோசிச்சேன். எனக்கு மனசு வரலை. கொஞ்ச நாள் இருக்கட்டும். அவ்வளவுதான் கேக்கேன்."

"அது தங்குறதே இன்னொருத்தருக்குக் குடுக்கத்தான். நீங்க பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு இல்லை."

"நான் பாக்குறதை விட்டுட்டா செத்துப்போவேன்."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"நாளையில இருந்து மூணாம் பெட்டிக்கு நான் சாறு எடுக்க மாட்டேன். கேட்டேளா? இன்னைக்கு ஊத்துனதோட சரி. அது தீர்ந்தா நிக்கும். குடுத்தா ஒரு உயிர் பிழைக்கும். முடிவு பண்ணிக்கிடுங்க."

தாணு அவளை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு வெளியே போய்விட்டார்.

மறுநாள் அவள் போனாள், எடுத்தாள், ஊற்றினாள். எடுக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் அன்று தாழ்வாரத்துக்கு வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்ததுமே பச்சிலை வாடை அடித்தது. சாராய வாடையும் கூட. சமையலறையில் தாணு கீழே உட்கார்ந்திருந்தார். காப்பகத்துக்கு இலை அனுப்பும் தோட்டத்துக்குப் போய் ஒரு பை சுருட்டுப்பச்சை வாங்கி வந்திருக்கிறார். அம்மியில் அரைத்திருக்கிறார். அடுப்பில் ஒரு பாத்திரம், தண்ணீரில் கொதித்துக் கறுத்துப்போன கஷாயம். தரையில் பிராந்திப் பாட்டில்கள். வாழ்க்கையில் குடித்தே அறியாத மனிதர். பிராந்தியில் ஊறிய இலை ஒரு எவர்சில்வர் தூக்கில் இருந்தது. தன் வேட்டியைக் கிழித்து அதில் வடிகட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணியில வராதுன்னு நீ சொல்லியிருக்க," என்றார் தலையைத் தூக்காமல். "ஆல்கஹால்ல வரும்னு சொன்ன. கடையில கேட்டேன், இதுலதான் அது நிறைய இருக்காம். கலர் வந்துட்டு பாரு. கொஞ்சம் கறுப்பா இருக்கு. ஆனா வந்துட்டு. இதை ஊத்து. நீ எடுக்க வேண்டாம். நானே எடுத்துத் தாரேன், தினமும் எடுத்துத் தாரேன்."

அவர் விரல்கள் எல்லாம் பச்சையேறிக் கிடந்தன. சொர்ணா தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூக்கை வாங்கிப் பார்த்தாள். அதில் சர்க்கரை எரித்த நிறமும் இலைச் சக்கையும்தான் இருந்தன. இதைப் பெட்டியில் ஊற்றினால் அந்த நிமிடமே நின்றுவிடும். அதை அவள் சொல்லவில்லை. அந்தப் பச்சை விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கும் எடுத்து ஊத்திட்டுத்தான் வந்தேன்," என்றாள். "எடுக்க மாட்டேன்னு சும்மா சொன்னேன். எனக்கு எப்படி மனசு வரும்?"

அப்போதுதான் அவர் அழுதார். மகளை எரித்த அன்று அழாத மனிதர், பாட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவளும் அழுதாள். இரண்டு பேரும் அன்றைக்குத்தான் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டார். "அந்தப் பொண்ணுக்கு வீட்டுக்காரன் இருக்கானா?"

"தெரியாது. சொல்ல மாட்டாங்க."

"இருப்பான்," என்றார் தாணு. முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலையில வந்து டாக்டர்கிட்ட சொல்லிருதேன். குடுத்துருவோம்."

*

காலையில் அவர் முதலில் துறைமுகத்துக்குப் போனார். வள்ளங்களை அனுப்பிவிட்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறுவதாகத் திட்டம். ஆனால் ஐஸ் வாங்க யாரும் வரவில்லை. வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. மாதா கோயிலில் சாவு மணி விட்டு விட்டு அடித்தது.

ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் பக்கம் நின்ற லாசரிடம் கேட்டார். "என்னப்பா, யாரு?"

"நம்ம ததேயு வீட்டுக்காரி அண்ணாச்சி. மெர்லின். நேத்து சாயங்காலம் போயிட்டா."

ததேயுவைத் தாணுவுக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்காக அவரிடம்தான் ஐஸ் எடுக்கிறான். கொஞ்ச நாளாக வருவதில்லை. தம்பிதான் வந்துபோனான். வீட்டில் சுகமில்லை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார். தன் துக்கத்தில் மேற்கொண்டு விசாரிக்கத் தோன்றவில்லை.

"என்ன செஞ்சுது அவளுக்கு?"

"இருதயம்தான். மாத்துறதுக்குக் காத்துக்கிட்டு இருந்தா. கிடைச்சிட்டுன்னு சொல்லி வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன்னு நாளும் குறிச்சாச்சு. குடுத்த வீட்டுக்காரங்க கடைசி நேரத்துல மாட்டோம்னுட்டாங்களாம். அதைக் கேட்டதுக்கப்புறம் அவ ரொம்ப நேரம் இருக்கலை."

தாணு அங்கிருந்த ஐஸ் பாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைவதுகூடத் தெரியவில்லை. லாசர் பயந்துபோய்த் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

துக்க வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மெர்லினைக் கல்யாணச் சேலையில் கிடத்தியிருந்தார்கள். முகம் சின்னதாக இருந்தது. பார்கவியைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். ததேயு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தாணுவைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்க அண்ணாச்சி. உங்க வீட்டுலயே துக்கம். நான்தான் வந்து பாத்திருக்கணும். இவளை விட்டுட்டு வர முடியலை." அவனே பால் விடாத ஒரு கட்டஞ்சாயா வாங்கி அவர் கையில் கொடுத்தான். "குடிங்க."

தாணு அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் அந்த வீட்டுக்காரங்களைத் திட்டுறாங்க," என்றான் ததேயு. "நான் திட்டலை. எனக்குன்னா நானும் குடுத்திருக்க மாட்டேனோ என்னவோ. இப்பம் இவளோட இருதயத்தை யாராவது கேட்டா… கேக்க மாட்டாங்க, அது ஒண்ணுக்கும் ஆகாது."

"ததேயு," என்றார் தாணு. "அது நான்தான்."

அவனுக்குப் புரியவில்லை.

"எம்மவளோடதுதான். நான்தான் மாட்டேன்னேன். யாருக்குன்னு தெரியாது. இன்னைக்குக் குடுக்கலாம்னு புறப்பட்டேன். ததேயு, இன்னைக்குக் காலையில குடுக்கலாம்னுதான்…"

ததேயு அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கை ஒரு தடவை மேலே எழுந்து, அப்படியே இறங்கியது. அதற்குள் பாதிரியார் வந்துவிட்டார் என்று யாரோ வந்து அவன் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

*

அதே காலையில் ஜெபசிங் சொர்ணாவிடமும் செய்தியைச் சொல்லியிருந்தார், பெயர் இல்லாமல். பெயரைத் தாணு வந்து சொன்னார்.

"நிறுத்திரு சொர்ணா," என்றார். "போதும். எனக்கு அதைப் பாக்க முடியலை."

இப்போது சொர்ணாவால் முடியவில்லை. வேறு யாராவது வருவார்கள் என்றாள். தேடச் சொல்லியிருக்கிறேன் என்றாள். ஜெபசிங் எல்லா ஊருக்கும் கேட்டுப் பார்த்தார். அந்த இரத்த வகைக்கு ஆளில்லை. நாள் போகப் போக இதயத்தின் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. ஒருநாள் அவர் வந்து மெதுவாகச் சொன்னார். "இனி இது யாருக்கும் ஆகாதும்மா. உங்களுக்கே தெரியும்."

தெரியும். தெரிந்தும் அவள் காலையில் வந்து இலையை எடைபோட்டாள். தன் மகள் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்க வேண்டியவள். அது நடக்காமலே போகவிட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. வடிதாளில் சொட்டும் ஒவ்வொரு சொட்டையும், அது போய்ச் சேர ஓர் இடம் இருப்பதுபோலவே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ததேயு தாழ்வாரத்தில் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. தாணு பெஞ்சிலிருந்து எழுந்தார். அடிப்பதானால் அடிக்கட்டும் என்று கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"அதப் பாக்கணும்," என்றான் ததேயு.

தாணு கையை நீட்டிக் காட்டினார். ததேயு கண்ணாடிப் பக்கம் போனான். அவன் மூச்சில் கண்ணாடி மங்கியது. கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"சின்னதா இருக்கு," என்றான். பிறகு, "மெர்லினுக்குச் சரியா இருந்திருக்கும்," என்றான்.

அவன் மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். கடலுக்குப் போகவில்லை. தாணுவின் பக்கத்தில் உட்காருவான். ஒருவர் டீ வாங்கி வந்தால் இன்னொருவர் குடிப்பார். ஒருநாள் ததேயுவின் தம்பி வந்து, "வள்ளம் சும்மா கிடக்கு அண்ணே, வா," என்று கெஞ்சினான். "இவளை இப்படியே விட்டுட்டு எப்படிடா வர?" என்றான் ததேயு.

உள்ளே நின்ற சொர்ணா அதைக் கேட்டாள். இவளை என்றான். யாரைச் சொன்னான் என்று அவளுக்குப் புரியவில்லை. அவனுக்கே தெரியுமா என்றும் தெரியவில்லை. கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தாள். யாருடைய மனைவியையோ பிழைக்க வைப்பதற்காக எடுத்த சாறு இது. இப்போது அது இரண்டு ஆண்களை ஒரு பெஞ்சோடு கட்டிப்போட்டிருந்தது. தன்னையும்தான்.

வெளியே வந்து இருவர் முன்னாலும் நின்றாள்.

"நாளைக்குச் சாறு எடுக்கப் போறதில்லை," என்றாள். "காலையில வாங்க. உள்ள வந்து பக்கத்துல நிக்கலாம்."

தாணு தலையாட்டினார். ததேயு தரையைப் பார்த்தான்.

மறுநாள் ஜெபசிங் கதவைத் திறந்துவிட்டு, தான் வெளியே நின்றுகொண்டார். மூன்று பேரும் பச்சை அங்கி போட்டுக்கொண்டு பெட்டியைச் சுற்றி நின்றார்கள். முந்தின நாள் ஊற்றிய சாறு வீரியம் இழந்துகொண்டிருந்தது. துடிப்பு இடைவெளி விட்டு விட்டு வந்தது. தாணு கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தார். அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது என்று அவர் சொல்லவில்லை. சொர்ணா அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

ததேயு சட்டைப்பையிலிருந்து ஒரு ஜெபமாலையை எடுத்தான். எடுத்துவிட்டுத் தயங்கினான்.

"நான் ஜெபம் சொல்லலாமா? உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா."

"சொல்லுப்பா," என்றார் தாணு.

"பேரு சொல்லணும்," என்றான் ததேயு. "எனக்கு உங்க மக பேரு தெரியாது. இதுவரைக்கும் யாரும் சொல்லலை."

சொர்ணா பெட்டியைப் பார்த்தாள். மூன்றாம் பெட்டி, மூன்றாம் பெட்டி என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயரை அவள் வாயால் சொல்லி எவ்வளவோ நாளாகியிருந்தது.

"பார்கவி," என்றாள்.

ததேயு கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொன்னான். முட்டம் கல்லறையில் மெர்லின் மேல் மண் போடும்போது சொன்ன அதே ஜெபம். பார்கவியின் ஆத்துமாவுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தாரும் என்றான். ஒரு மூச்சு விட்டான். மெர்லினின் ஆத்துமாவுக்கும் என்றான். மறுபடி பார்கவி. மறுபடி மெர்லின். தாணுவும் சொர்ணாவும் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போனான்.

ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தபோது பெட்டிக்குள் அசைவில்லை. எந்தப் பெயரில் நின்றது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.